கிளாடோஸை கிளாஸில் இறக்குவது எப்படி: கேம் கதாபாத்திரத்தை வைத்து ஒரு காக்டெயில்

வீடியோ கேம் காக்டெயில் என்று தேடினால் வருவதில் முக்கால்வாசி ஒரே மாதிரிதான் இருக்கும். சோனிக் நீலம், அதனால் புளூ குராசோ. லிங்க் பச்சை, அதனால் மெலன் லிக்கர். பேக்மேன் மஞ்சள், அன்னாசிச் சாற்றை ஊற்று, முடிந்தது வேலை. போட்டோவுக்கு நன்றாக இருக்கும், ஆனால் குடித்துப் பார்த்தால் மூன்றுமே சர்க்கரைத் தண்ணீர், கண்ணைக் கட்டிவிட்டுக் கொடுத்தால் எது யார் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. என் அளவுகோலே இந்தக் கண்கட்டுச் சோதனைதான். அந்த கேமை விளையாடிய ஒருவர் நிறத்தைப் பார்க்காமல் குடித்துவிட்டு யாரென்று கண்டுபிடிக்க வேண்டும், அது முடியாவிட்டால் பெயரைச் சொன்னதுமாவது சிரிக்க வேண்டும்.

அதனால் நிறத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் அந்தக் கதாபாத்திரம் என்ன செய்கிறது, அதனால் விளையாடுகிற உங்களுக்கு என்ன ஆகிறது என்று இரண்டு வரி எழுதிப் பாருங்கள். தோற்றம், உடை, தலைமுடி எதுவும் வேண்டாம், செய்கை மட்டும். கிர்பி எதையாவது விழுங்கி அதன் சக்தியைத் தனதாக்கிக்கொள்வான், அப்படியென்றால் வெறும் ஜின்னும் சோடாவும் ஊற்றி, அதில் பெர்ரிச் சாற்றை உறையவைத்த ஐஸ் கட்டி ஒன்றைப் போட்டால் போதும், கரையக் கரைய பானம் வேறொன்றாக மாறிக்கொண்டே போகும். சோனிக் என்றால் வேகம், அதை உயரமான கிளாஸில் கொடுத்து அரை மணி நேரம் உறிஞ்ச வைப்பதில் அர்த்தமே இல்லை, சின்ன கிளாஸில் ஐஸ் இல்லாமல் சுரீரென்று இஞ்சியோடு மூன்றே மடக்கு. 1998-இல் வந்த ஆக்கரினா ஆஃப் டைமில் ஜெல்டா இளவரசி ஷீக் என்ற வேடத்தில் வருவாள் இல்லையா, அவளுக்குச் சங்குப்பூ டீ. நீலமாக இருக்கும், எலுமிச்சைச் சாறு பட்டதும் ஊதாவாகிவிடும். இங்கே மாறுவதுதான் கதையே, அதனால் நிறத்துக்கு வேலை இருக்கிறது.

சரி, ஒன்றை முழுசாகச் செய்து பார்ப்போம். போர்ட்டல் கேமின் கிளாடோஸை எடுத்துக்கொள்கிறேன். 2007-இல் வால்வ் வெளியிட்ட கேம், அடுத்த பாகம் 2011-இல். இன்னும் விளையாடாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது, இரண்டின் கதையையும் உடைக்கப் போகிறேன்.

கிளாடோஸ் என்ன செய்கிறாள்? அப்பர்ச்சர் சயன்ஸ் என்ற ஆய்வுக்கூடத்தை நடத்தும் இயந்திரம் அவள். தேன் ஒழுகப் பேசிக்கொண்டே உங்களைச் சாகடிக்கப் பார்ப்பாள். சோதனையை முடித்தால் கேக் உண்டு என்று ஆசை காட்டி, கடைசியில் நெருப்புக்குள் இறக்கிவிடுவாள். கேக் என்பதே பொய் என்று உங்களுக்கு முன்னால் அங்கே மாட்டியவர் யாரோ சுவரில் கிறுக்கி வைத்திருப்பார். ஆனால் முதல் பாகம் முடிந்ததும் ஒரு காட்சி வரும், அதில் கேக் நிஜமாகவே இருக்கும், பிளாக் ஃபாரஸ்ட் மாதிரி, மேலே மெழுகுவத்தி ஏற்றி. இரண்டாம் பாகத்தில் வீட்லி என்ற நீலக் கண் ரோபோ அவளைப் பிடுங்கி ஒரு உருளைக்கிழங்கில் சொருகிவிடுவான், அவ்வளவு பெரிய இயந்திரம் கிழங்கில் வரும் துளி மின்சாரத்தில் முனகிக்கொண்டு கிடக்கும்.

இதைப் படித்தாலே செய்முறை பாதி வந்துவிட்டது. இனிப்பு வாசனை வர வேண்டும், வாயில் இனிப்பு இருக்கக் கூடாது. மூக்குக்குக் கேக், நாக்குக்குக் கசப்பு. குளிர்ச்சி வேண்டும், அதுவும் ஆஸ்பத்திரிக் குளிர்ச்சி. அடிப்படை மது உருளைக்கிழங்கில் செய்ததாக இருந்தே ஆக வேண்டும். கடைசி மடக்கில், எல்லாம் போச்சு என்று நினைக்கிற நேரத்தில், கேக்கின் ஒரு துண்டாவது கிடைக்க வேண்டும்.

நீலம், ஆரஞ்சு இரண்டையும் அடுக்கடுக்காக ஊற்றினால் என்ன என்று இந்நேரம் யோசித்திருப்பீர்கள். அது விளையாடுகிறவர் கையில் இருக்கும் போர்ட்டல் துப்பாக்கியின் நிறம், அவளுடையது இல்லை. விட்டுவிடுங்கள்.

அடுத்து எலும்புக்கூடு. புதிதாக ஒரு வடிவத்தைக் கண்டுபிடிக்க உட்காராதீர்கள், பல தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்கிற வடிவங்களில் ஒன்றை எடுத்து உள்ளே இருப்பதை மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். சவர் என்றால் மது 60 மில்லி, எலுமிச்சை 20 முதல் 25, சர்க்கரைப் பாகும் ஏறக்குறைய அதே அளவு. நெக்ரோனி என்றால் ஜின், இனிப்பு வெர்மூத் (மூலிகை சேர்த்த ஒயின்), காம்பாரி (சிவப்பான கசப்பு மது) மூன்றும் சமமாகத் தலா 30. மார்ட்டினி என்றால் ஜின்னும் கொஞ்சம் டிரை வெர்மூத்தும், கலக்குவதோடு சரி, குலுக்க வேண்டாம். கதாபாத்திரம் சுறுசுறுப்பும் சேட்டையுமாக இருந்தால் குலுக்குகிற சவர் பக்கம் போங்கள், கனமாக, அதிகம் பேசாத ஆளாக இருந்தால் கலக்குகிற வகைப் பக்கம். கிளாடோஸ் கலக்குகிற வகைதான் என்று முதலில் தோன்றும், ஆனால் அவளுக்கு வெள்ளை உடம்பும் நடுவில் ஒரே ஒரு மஞ்சள் கண்ணும் இருக்கிறது, முட்டை வெள்ளைக்கரு நுரையின் மேல் ஒரு மஞ்சள் வட்டத்தை வைத்தால் அச்சு அசலாக அவள்தான், அதனால் சவர்.

ஒரு கிளாஸுக்கு:

உருளைக்கிழங்கு வோட்கா 45 மில்லி
சூஸ் 20 மில்லி
புதிதாகப் பிழிந்த எலுமிச்சைச் சாறு 20 மில்லி
சர்க்கரைப் பாகு 10 மில்லி (சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கரைத்தது)
ஒரு முட்டையின் வெள்ளைக்கரு
பாகில் ஊறிய கருஞ்செர்ரி ஒன்று
வெனிலா எசென்ஸ், எலுமிச்சைத் தோல்

வோட்கா எல்லாமே உருளைக்கிழங்கில் செய்ததில்லை, பெரும்பாலானவை கோதுமையிலோ ரை என்ற தானியத்திலோ செய்தவை, லேபிளைப் பார்த்து வாங்குங்கள். போலந்தின் லுக்சுசோவா கிழங்கில் செய்தது. ஷோபினில் கிழங்கு, ரை, கோதுமை என்று தனித்தனியாக உண்டு, எடுக்கும்போது கவனம். கிழங்கு வோட்கா நாக்கில் கொஞ்சம் வழவழப்பாக உட்காரும், இந்த பானத்துக்கு அது நல்லதுதான், கசப்பு வரும் வரை எல்லாம் சுமுகமாகப் போவதுபோல இருக்கும்.

சூஸ் என்பது ஜென்ஷியன் வேரில் செய்த மஞ்சள் நிற பிரெஞ்சு மது, வெள்ளை நெக்ரோனியில் காம்பாரிக்குப் பதில் போடுவார்களே, அதுதான். ஜென்ஷியன் கசப்பு சட்டென்று அடிக்காது, மெதுவாக ஏறி விழுங்கிய பிறகும் நாக்கில் நிற்கும், நல்லபடியாகப் பேசிவிட்டுப் போன பிறகுதான் குத்தியது உறைப்பது மாதிரி. சூஸிலேயே ஓரளவு இனிப்பு இருப்பதால்தான் பாகை 10 மில்லியோடு நிறுத்தியிருக்கிறேன். சூஸ் கிடைக்காவிட்டால் சலெர், அவேஸ் இரண்டும் இதே வேரில் செய்தவைதான். காம்பாரியும் கசப்புதான், ஆனால் சிவந்துவிடும், அந்தச் சிவப்பு கேமில் தானாகச் சுடும் டரட் துப்பாக்கியின் லேசர் நிறம், வேறு பானத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

கூப் கிளாஸை (காம்பு வைத்த, வாய் அகன்ற கிளாஸ்) இருபது நிமிடமாவது ஃப்ரீசரில் வையுங்கள். செர்ரியைப் பாகிலிருந்து எடுத்து, தண்ணீரில் அலசி, டிஷ்யூவில் ஒற்றி ஈரம் போக்கிய பிறகே கிளாஸின் அடியில் போட வேண்டும், அப்படியே போட்டால் சிவப்பு கசிந்து வெள்ளையைக் கெடுத்துவிடும். வோட்கா, சூஸ், எலுமிச்சை, பாகு, வெள்ளைக்கரு எல்லாவற்றையும் ஷேக்கரில் ஊற்றி முதலில் ஐஸ் இல்லாமல் 15 வினாடி குலுக்குங்கள். ஐஸ் இல்லாததால் ஷேக்கர் உள்ளே இறுகிப் பிடிக்காது, மூடி தெறித்துவிடும், ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஷேக்கர் நிறைய ஐஸ் போட்டு, கை வலிக்கிற மாதிரி இன்னொரு 12, 15 வினாடி. வெளியே பனி பூத்து ஷேக்கரைத் தொட முடியாமல் ஆகும், அப்போது நிறுத்தலாம். சின்னக் கண் சல்லடை வழியாக இரட்டை வடிகட்டலாக ஊற்றிவிட்டு அரை நிமிடம் தொடாமல் விடுங்கள், நுரை மேலே ஏறி வழவழவென்று மூடும், செர்ரி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

இப்போது கேக். வெனிலாவைப் பானத்துக்குள் கலக்கவே கூடாது, கலந்தால் பொய் உண்மையாகிவிடும். சின்ன ஸ்பிரே பாட்டிலில் எசென்ஸை ஊற்றி நுரைக்கு ஒரு சாண் மேலிருந்து ஒரே ஒரு தடவை அடியுங்கள். ஸ்பிரே இல்லையென்றால் விரலில் ஒரு துளி தொட்டு, கிளாஸ் விளிம்பின் வெளிப்பக்கம் தடவினாலும் நடக்கும். வெனிலா வாசனை பட்டதும் மூளை இனிப்பை எதிர்பார்க்க ஆரம்பித்துவிடும், அந்த எதிர்பார்ப்பின் மேல்தான் கசப்பு வந்து விழ வேண்டும்.

கண்ணுக்கு, பீலரால் எலுமிச்சைத் தோலை அகலமாகச் சீவி, உள்ளே இருக்கும் வெள்ளையைக் கத்தியால் சுரண்டிவிட்டு, பாட்டில் மூடி எதையாவது வைத்து இரண்டு சென்டிமீட்டர் வட்டமாக வெட்டுங்கள். வழக்கமாகத் தோலைப் பானத்தின் மேல் பிழிவார்கள், இங்கே வேண்டாம். அந்த எண்ணெய் நுரையைக் குலைக்கும், வெனிலாவையும் அமுக்கிவிடும். சிங்க்கின் மேல் பிழிந்து, துடைத்து, பிறகு நுரை நடுவில் படுக்க வையுங்கள்.

அளவைத் திருத்த வேண்டியிருந்தால் வெள்ளைக்கரு சேர்க்கும் முன் ஒரு ஸ்பூன் எடுத்துச் சுவையுங்கள். அந்த நிலையில் கொஞ்சம் அதிக இனிப்பாகவும் காட்டமாகவும் தெரிவதுதான் சரி, குளிர்ந்தால் இனிப்பு மங்கும், ஐஸ் கரைந்தால் காட்டம் இறங்கும். கசப்பு தாங்க முடியவில்லை என்றால் பாகைக் கூட்டுவதற்கு முன்னால் ஒரு சிட்டிகை உப்பு போட்டுப் பாருங்கள், உப்பு கசப்பை அடக்கும். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

கிளாடோஸ் நச்சு வாயுவைத் திறந்துவிடுவாளே, அதற்காக டிரை ஐஸ் போட்டுப் புகை விடலாமா என்று கேட்பவர்கள் கட்டாயம் இருப்பார்கள். கிளாஸுக்குள் வேண்டாம். அது மைனஸ் 78 டிகிரி, ஒரு துணுக்கு தொண்டைக்குள் போனாலும் உள்ளே புண்ணாகும், மூடிய அறையில் கார்பன் டை ஆக்சைடும் சேரும். கறுப்பான வில்லன்களுக்காகக் கரித்தூள் போடுகிற பழக்கமும் அப்படித்தான், ஆக்டிவேட்டட் சார்கோல் சாப்பிட்ட மாத்திரையையும் சேர்த்து உறிஞ்சிவிடும், வந்திருப்பவர் என்ன மாத்திரை போடுகிறார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? பச்சை முட்டை வேண்டாம் என்பவர்களுக்கும், கர்ப்பிணிகள் மதுவில்லாத பதிப்பைக் கேட்டாலும், வெள்ளைக்கருவுக்குப் பதில் கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீர் 25 மில்லி. நுரை கிட்டத்தட்ட அதே அளவுக்கு நிற்கும்.

மதுவில்லாத பதிப்பு ஒரு விதத்தில் இன்னும் பொருத்தம். எலுமிச்சை 25, பாகு 20, கடலைத் தண்ணீர் 25, மூன்றையும் அதே மாதிரி குலுக்கி ஊற்றி, ஓரமாக மெல்ல 90 மில்லி டானிக் வாட்டர். கசப்பை டானிக்கில் இருக்கும் குவினைன் பார்த்துக்கொள்ளும், அந்தக் குவினைன் புற ஊதா விளக்கின் கீழ் நீலமாக ஒளிரும் என்பதால் அறை விளக்கை அணைத்துவிட்டு பிளாக் லைட் ஒன்று போட்டால் ஆய்வுக்கூடமே வந்துவிடும். நீலக் கண் வீட்லிக்குத்தான் என்று யாராவது சண்டைக்கு வந்தால் அவர் சொல்வது சரிதான்.

கொடுக்கும்போது பெயரைச் சொல்லாதீர்கள், கேக் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு நீட்டுங்கள். முதலில் முகர்வார்கள், முகம் மலரும், அப்புறம் குடிப்பார்கள். செர்ரி இருப்பதை எக்காரணம் கொண்டும் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம்.

ஆறு பேருக்குச் செய்வதானால் வோட்கா 270, சூஸ் 120, பாகு 60 மில்லி என்று ஒரே பாட்டிலில் முன்தினமே கலந்து ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். எலுமிச்சையை மட்டும் அன்றைக்கே பிழியுங்கள். வெள்ளைக்கருவைப் பாட்டிலில் சேர்க்காமல் குலுக்கும்போது சேருங்கள், ஒரு ஷேக்கரில் இரண்டு பேருக்கு மேல் போட்டால் நுரை வராது.