பழைய பிரெஞ்சு வெள்ளி சாலிஸ் கைக்கு வந்தா மொதல்ல என்ன பாக்கணும்

கத்தோலிக்க கோயில் பூசையில சாமியார் திராட்சரசம் ஊத்துற கிண்ணம் இருக்குல்ல, அதான் சாலிஸ். பழைய பிரெஞ்சு சாலிஸ் ஒண்ணு கெடைச்ச உடனே நெறைய பேரு பாலிஷ எடுத்து தேய்க்க ஆரம்பிச்சிடுறாங்க, தயவுசெஞ்சு அத மட்டும் பண்ணாதீங்க, மொதல்ல முத்திரைய தேடுங்க.

கிண்ணத்தோட விளிம்புக்கு வெளிப்பக்கமா கொஞ்சம் கீழ, அப்புறம் அடிப்பீடத்தோட ஓரம், ரெண்டு எடத்துலயும் லென்ஸ் வெச்சு பொறுமையா பாருங்க. ஹெல்மெட் போட்ட பொண்ணு தலை தெரிஞ்சா அது ரோமானிய தேவதை மினர்வா, 1838லருந்து பிரான்ஸ்ல அடிக்கிற அரசு முத்திரை. நெத்திக்கு முன்னாடி 1ன்னு இருந்தா ஆயிரத்துக்கு 950 பங்கு வெள்ளி, தாடைக்கு கீழ 2ன்னு இருந்தா 800. மினர்வாவுக்கு பதிலா கெழவர் தலை இருந்தா இன்னும் பழசு, 1819க்கும் 1838க்கும் நடுவுல. பிரெஞ்சுப் புரட்சிக்கு முந்துன சாமான் ரொம்ப அபூர்வம், கோயில் வெள்ளிய புரட்சியப்போ வண்டி வண்டியா உருக்கிட்டாங்க, நெனச்சாலே மனசு கஷ்டமா இருக்கும்.

பக்கத்துல சீட்டுக்கட்டு டைமண்ட் மாதிரி ஒரு கட்டத்துக்குள்ள எழுத்தும் குட்டி சின்னமும் இருக்கும், அது செஞ்ச பட்டறையோட முத்திரை. பாரிஸ் பூசியெல்க்-ருசான், லியோன் அர்மான்-கலியா எல்லாம் 19ம் நூற்றாண்டுல பெரிய பேரு. கட்டம் நேர் சதுரமா இருந்தா அது வெள்ளி முலாம் பூசுன சாமான்.

இதுல ரொம்ப பேரு கோட்டை விடுற எடம் ஒண்ணு இருக்கு. கிண்ணத்துல மினர்வா இருக்குன்னு முழுசும் வெள்ளின்னு நெனச்சிடாதீங்க, பல சாலிஸ்ல கிண்ணம் மட்டும்தான் வெள்ளி, தண்டும் பீடமும் முலாம் பூசுன பித்தளை. ஏமாத்துனதா நெனைக்காதீங்க, கிண்ணம் வெள்ளியாவது இருக்கணும் உள்பக்கம் தங்க முலாம் இருக்கணும்னு அன்னைக்கு திருச்சபை ஒழுங்கே இருந்துச்சு, வசதியில்லாத பங்குக் கோயில்கிட்ட அதுக்கு மட்டும்தான் காசு. அதனால ஒவ்வொரு பாகத்துலயும் தனித்தனியா முத்திரை பாருங்க, சாலிஸோட வர்ற, பூசை அப்பம் வெக்கிற தட்டையும் சேத்து. பீடத்துக்கு அடியில நட்டு இருக்கும், கழட்டுனா தனித்தனியா வரும், ஆனா நட்டோட திருகு மறை தேஞ்சிருக்கும், இறுகியிருந்தா முறுக்காதீங்க.

பீடத்துல ஒரு பக்கம் மட்டும் சிலுவை இருக்கும், சாமியார் அந்தப் பக்கமாத்தான் குடிப்பார். அதுக்கு நேர் மேல விளிம்புல தங்கம் தேஞ்சு வெள்ளி எட்டிப்பாத்தா அத குறையா எடுக்காதீங்க, எத்தன பூசை பாத்த கிண்ணம் அது!

வாங்குறதா இருந்தா எங்கருந்து வந்துச்சுன்னு கட்டாயம் கேளுங்க. கோயிலையும் அரசையும் பிரிச்ச 1905 சட்டப்படி பிரான்ஸ்ல பெரும்பாலான பழைய கோயில் சாமான் ஊராட்சிக்கு சொந்தம், கதீட்ரல்னா அரசுக்கு, பங்குச் சாமியார் நெனச்சாலும் விக்க முடியாது. பழைய கலைப்பொருள பதிஞ்சு வெக்கிற பிரெஞ்சு அரசோட பலிசி (Palissy) டேட்டாபேஸ்லயும் தேடிப் பாத்துடுங்க.

சுத்தம் பண்ண வெதுவெதுப்பான தண்ணி, கொஞ்சூண்டு மைல்டு சோப்பு, மெத்துன்னு பருத்தித் துணி போதும், ஒடனே ஈரம் போக ஒத்தி எடுத்துடுங்க. தங்க முலாம் மேல பாலிஷ் படவே கூடாது, எனாமலோ கல்லோ பதிச்சிருந்தா தண்ணியில ஊறப்போடாதீங்க. துணியில சுத்தி வெக்கிறப்ப ரப்பர் பேண்ட் போடாதீங்க, ரப்பர்ல இருக்குற கந்தகம் வெள்ளிய கறுப்பாக்கிடும், நூல் நாடாவால கட்டுங்க.