இடுப்புல ஏவிஎன்னு சொல்லிட்டாங்களா? ஆபரேஷனுக்கு முன்னாடி இதைப் பாருங்க

ஊட்டி, கோத்தகிரி பக்கம் ஓடுறவங்க கவட்டுல வலி வந்தா சதைப்பிடிப்புன்னு தைலம் தேச்சுட்டு விட்டுடுறோம், ஆனா ஏவிஎன்னா தொடை எலும்போட பந்துக்கு ரத்தம் போகாம எலும்பு செத்துப்போறது, ஆரம்பத்துல எக்ஸ்ரேல தெரியாது, அதனால கோயம்புத்தூர் இறங்கியாச்சும் எம்ஆர்ஐ எடுத்துடுங்க.

டாக்டர்கிட்ட முதல்ல கேளுங்க, பந்து இன்னும் உருண்டையா இருக்கா, அமுங்கிடுச்சா? அமுங்கலைன்னா எலும்புல துளை போட்டு பிரஷரை குறைக்கிற கோர் டீகம்ப்ரஷன் பண்ணி சொந்த மூட்டைக் காப்பாத்திப் பாக்கலாம், எல்லாருக்கும் கேக்காது, சில வாரம் ஊன்றுகோலும் வேணும். அமுங்கிட்டா பெரும்பாலும் மூட்டு மாற்றுதான். இதே ஏவிஎன் வந்த அமெரிக்க விளையாட்டு வீரர் போ ஜாக்சன் (Bo Jackson) 1992ல இடுப்பு மூட்டை மாத்திக்கிட்டு 1993ல திரும்ப பேஸ்பால் ஆடினாரு, சரிதான், ஆனா செயற்கை மூட்டு தேயும், சின்ன வயசுல போட்டா பின்னாடி மறுபடி மாத்த வேண்டி வரலாம்.

முடிவெடுக்குற வரைக்கும் குன்னூர் இறக்கத்துல ஓடாதீங்க, ஸ்டீராய்டாலயும் ஏவிஎன் வரலாம், அதனால எடுத்திருந்தா டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லிடுங்க.