தாராவி நண்பனுக்குப் பெட்டியில் என்ன வைப்பது?

விடுமுறைக்கு மும்பை போய்த் திரும்பும் தமிழர்கள், வெளிநாட்டில் ஊர் ஏக்கத்தோடு இருக்கும் நண்பனுக்கு என்று வாங்கி வருவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. தமிழன்தானே என்று திருநெல்வேலி அல்வாவையும் ஒரு பாக்கெட் அப்பளத்தையும் மாட்டுங்காவில் வாங்கிக் கட்டிவிடுகிறார்கள். நண்பனின் அப்பாவுக்கு ஊர் திருநெல்வேலியாக இருக்கலாம். ஆனால் தாராவியில் பிறந்து, தெருவில் மராத்தியும் கடையில் இந்தியும் வீட்டில் தமிழும் பேசி வளர்ந்தவனுக்கு ஊர் என்றால் சயானுக்கும் மாஹிமுக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சந்துகள்தான். நியூஜெர்சியில் இருக்கும் என் நண்பன் அப்படிப்பட்டவன். அல்வா அங்கே எந்த இந்தியக் கடையிலும் கிடைக்கும். தாராவியின் 90 ஃபீட் ரோடு கிடைக்காது.

அவனிடம் "என்னடா வேணும்?" என்று கேட்டுப் பயனில்லை. "ஒண்ணும் வேண்டாம், நீ பத்திரமா போய்ட்டு வா" என்பான். பள்ளிக்கூடம் விட்டால் எங்கே நிற்பாய், யார் கடையில் கடன் சொல்வாய், உங்கள் வீட்டில் காபித்தூள் எங்கே வாங்குவார்கள் என்று கேளுங்கள். பட்டியல் தானாக வரும்.

என் நண்பனுக்கு முதலில் வந்தது முறுக்கு. தாராவியில் நம்மவர் வீடுகளில் பெண்கள் விறுவிறுவென்று பிழிந்து போடும் முறுக்கு மும்பை முழுக்கப் போகிறது. பளபளப்பான பாக்கெட்டில் வேண்டாம். பிழிகிற வீட்டுக்கே போய், புறப்படும் முந்தின நாள் சூடு ஆறினதும் வாங்கி, தகர டப்பாவில் அடையுங்கள். அடுத்தது காபித்தூள். மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு வெளியே இறங்கினால் வறுக்கும் வாசனையே வழி சொல்லும். கொட்டை வகைகளில் பீபெரி எவ்வளவு, பிளான்டேஷன் எவ்வளவு, சிக்கரி எத்தனை சதவீதம் என்று கடையில் கேட்பார்கள். நண்பனின் அம்மாவிடம் அவர்கள் வீட்டுக் கணக்கைக் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். 80க்கு 20 என்று உங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்லிவிட்டால் அது உங்கள் காபி, அவனுடையது அல்ல.

அதிகம் காசு ஆகாதவையும் உண்டு. டீக்கடையில் கட்டிங் சாய், அதாவது அரை டீ, ஊற்றித் தருகிற கோடு போட்ட சின்னக் கண்ணாடி கிளாஸ் பாத்திரக் கடையில் கிடைக்கும். சயானிலிருந்து தாதருக்கு இரண்டாம் வகுப்பு டிக்கெட் 5 ரூபாய். செல்போனில் எடுக்காமல் கவுன்டர் வரிசையில் நின்று காகிதமாக வாங்குங்கள். 1973 முதல் வருகிற காலநிர்ணய் காலண்டரும் ஒன்று வாங்கலாம். மும்பையில் நம்மவர் வீட்டுச் சமையலறைகளிலும் அதைப் பார்த்திருக்கிறேன், பால் கணக்கை அதிலேயே எழுதுவார்கள்.

இவ்வளவும் சேர்ந்து மூன்று கிலோ வராது. இந்த மூன்று கிலோவைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம்.

புறப்படுவதற்கு முந்தின ராத்திரி சயானில் அத்தை வீட்டில் சாப்பாடு. கை கழுவிவிட்டு வந்தால், வெள்ளைத் துணியில் தைத்த ஒரு மூட்டையை மாமா தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். டல்லாஸில் இருக்கிற அவர்கள் மகனுக்கு. நான் இறங்கியதும் அங்கிருந்து கூரியரில் போட வேண்டும். ஒன்பது கிலோ.

"உள்ள என்ன அத்தே?"

"எல்லாம் திங்கிற சாமான்தான். பிரிச்சிராதலே, ராத்திரி பூரா உக்காந்து தைச்சிருக்கேன்."

என் பெட்டியில் இடமில்லை என்று மெதுவாகச் சொன்னேன். அத்தை குரலை உயர்த்தவில்லை. "ஒங்க அப்பாவ ராத்திரி ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினது யாருலே? ஒங்க மாமா அன்னைக்கு கனம் பாத்தாரா?"

இதற்குப் பதில் கிடையாது. அப்பாவின் கடைசி வருடங்களில் மருந்து, ஆட்டோ, ஆஸ்பத்திரி வரிசை எல்லாம் அவர்கள் பார்த்தார்கள். நான் பணம் அனுப்பினேன். மூட்டையை வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து கிளாஸ்களை எடுத்துத் தங்கை வீட்டில் வைத்தேன். முறுக்கில் பாதியையும் எடுத்தேன்.

ஏர்போர்ட்டில் பெட்டி கவுன்டர் தாண்டி உள்ளே போன பிறகு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எக்ஸ்ரேயில் எதையோ பார்த்திருக்கிறார்கள். துணியைக் கத்தரித்துக் கொட்டினால் தின்பண்டங்களுக்கு நடுவில் கொப்பரை, கற்பூரம், இட்லி அரிசி, ஈரத்துணியில் சுற்றிய கறிவேப்பிலை. எண்ணெய்ப் பிசுக்குள்ள கொப்பரை தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. செக்-இன் பெட்டிக்கான தடைப் பட்டியலில் 2022இல் அதைச் சேர்த்துவிட்டார்கள். கற்பூரம் விமானத்தில் எந்தப் பெட்டியிலும் கூடாது. இரண்டும் அங்கேயே போயின. அரிசியைத் திருப்பிக் கொடுக்க வாசலில் யாரும் இல்லை, போர்டிங் முடியும் நேரம்.

அமெரிக்காவில் இறங்கி எல்லாவற்றையும் எழுதிக் காட்டினேன். அரிசியையும் கறிவேப்பிலையையும் எடுத்துக்கொண்டார்கள். கப்ரா வண்டு என்ற தானிய வண்டுக்குப் பயந்து நம் நாட்டு அரிசியைப் பயணிகள் பெட்டியில் அனுமதிப்பதில்லை. கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. அதில் தங்கும் பூச்சி ஆரஞ்சுத் தோட்டங்களை அழிக்கும் நோயைப் பரப்புகிறது. எழுதிக் காட்டியதால் அபராதம் இல்லை. மறைத்திருந்தால் 10,000 டாலர் வரை போட அவர்களுக்கு அதிகாரம் உண்டு. மகனுக்குப் போய்ச் சேர்ந்தது கால் மூட்டை. மீதியை நான் வேண்டுமென்றே விட்டுவிட்டேன் என்று குடும்ப வாட்ஸாப்பில் பேச்சு இன்னும் ஓயவில்லை.

அதனால் சொல்கிறேன். மும்பையில் இறங்கிய வாரமே உறவுக்காரர்களுக்கு எல்லாம் போன் செய்து, யாருக்கு எத்தனை கிலோ, எந்தத் தேதிக்குள் தர வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். தைத்த மூட்டை, ஒட்டிய டப்பா எதையும் வாங்காதீர்கள். பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா என்று ஏர்போர்ட்டில் கேட்கும்போது ஆமாம் என்று சொல்ல முடியவேண்டும். அத்தைமார் பிரிக்கவிட மாட்டார்கள். அவர்கள் அடுக்கும்போதே பக்கத்தில் போய் உட்காருங்கள், அவர்களுக்கும் அது பிடிக்கும். முடியாவிட்டால் மும்பையிலிருந்தே கூரியரில் அனுப்பி அந்தச் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். வாங்கிய கடனுக்கு அது ஈடாகாது, ஆனால் பெட்டி தப்பிக்கும்.

மற்ற நாட்டுக்காரர்களுக்குச் சுருக்கமாக: துபாய், சிங்கப்பூர் போகிறவர்கள் கசகசாவைத் தொடவே வேண்டாம், அங்கே அது சட்ட விரோதம். பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் நெய், பால் சாமான் எடுத்துப் போகக்கூடாது. அமெரிக்கா போகும் விமானத்தில் 350 மில்லிக்கு மேல் பொடி எதுவும் கைப்பையில் வேண்டாம், காபித்தூளையும் இட்லிப் பொடியையும் பெரிய பெட்டியில் வையுங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். தாராவியை இடித்துக் கட்டும் திட்டம் நடக்கிறது. 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பைத் தொடங்கினார்கள். நண்பனின் சந்துக்குப் போய் முனையிலிருந்து கடைசி வரை நடந்து வீடியோ எடுங்கள். குழாயடி, ஏணிப்படி, அவன் வீட்டுக் கதவு, எதிர்வீட்டுப் பாட்டி இருந்தால் அவரிடம் கேட்டுக்கொண்டு அவர் பேச்சு. ரயிலில் ஏறி "புடீல் ஸ்டேஷன், ஷீவ்" (அடுத்த ஸ்டேஷன் சயான்) என்று மராத்தியில் அறிவிப்பு வருவதையும் பதிவு செய்யுங்கள். இதற்கு எடையும் இல்லை, இதைக் கேட்டு மூட்டை கட்டி வருகிற உறவுக்காரரும் இல்லை.

திரும்பி வந்ததும் நாள் கடத்தாமல் கொடுத்துவிடுங்கள். முறுக்கில் எண்ணெய் வாடை ஏறிவிடும், காபித்தூளின் மணமும் நிற்காது. தபாலில் போடாமல் நேரில் போங்கள், அதுவும் சனிக்கிழமை சாயங்காலமாகப் பார்த்து. அந்த வீடியோவை ஒவ்வொரு கதவிலும் நிறுத்தி, அந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று அவன் கேட்பான்.