மேல் மாடி வீட்டில் கத்திரி வெயில், மலையில் மார்கழிக் குளிர்: வீட்டுக்குள் சமாளிக்கும் வழிகள்

மொட்டை மாடிக்கு நேர் கீழே குடியிருப்பவர்களுக்குத் தெரியும், மே மாதத்தில் மதியம் இரண்டு மணியை விட இரவு பத்து மணிதான் கொடுமை. வெளியே காற்று ஆறியிருக்கும், உள்ளே ஃபேன் அனலை இறக்கும். குற்றம் ஃபேன் மேல் இல்லை, அதற்கு மேலே இருக்கும் கான்கிரீட் தளத்தின் மேல்தான். பகல் முழுக்க வெயிலை வாங்கிய அந்த நாலைந்து அங்குலத் தளம், சாயங்காலத்துக்கு மேல்தான் சூட்டைக் கீழே விடும். அதனால் ஏசி விலை பார்ப்பதற்கு முன்னால் ஒருமுறை மாடிக்கு ஏறிப் பாருங்கள். தளம் கறுத்துப் பாசி பிடித்துக் கிடந்தால் முதல் வேலை அங்கேதான்.

வெள்ளையடிப்பதுதான் இருப்பதிலேயே மலிவான வழி. தளத்தை நன்றாகப் பெருக்கி, பாசியைத் தேய்த்துக் கழுவி, விரிசல்களை அடைத்துவிடுங்கள். சுண்ணாம்பை முந்தின நாளே நீர்த்து வைத்து வடிகட்டி, கூடவே கொஞ்சம் ஃபெவிகால் மாதிரியான பசையைக் கலந்துகொண்டால் காலில் ஒட்டாது, சீக்கிரம் உதிராது. வெயில் தாழ்ந்த பிறகு தளத்தை லேசாக நனைத்துவிட்டு இரண்டு கோட் அடியுங்கள். அறைக்குள் இரண்டு மூன்று டிகிரி குறைவதை உடம்பே சொல்லும். ஒரு மழைக்காலம் போனால் மறுபடி அடிக்க வேண்டியிருக்கும், அது ஒன்றுதான் குறை. சில வருடம் தாங்க வேண்டும் என்றால் கூல் ரூஃப் பெயின்ட் வாங்கலாம், அதில் எஸ்ஆர்ஐ என்று ஒரு எண் போட்டிருப்பார்கள், வெயிலில் தளம் எவ்வளவு சூடாகாமல் இருக்கும் என்பதன் அளவு அது, எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது. வாடகை வீடு என்றால் ஓனரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். செலவு உங்களுடையது என்று தெரிந்தால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

சாயங்காலம் மாடியில் தண்ணீர் தெளிப்பதும் பலன் தரும்தான். ஆனால் லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசையில் நிற்கும் தெருவில் அதை யோசனை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஷீட் போட்ட வீடுகளில் வெள்ளையடித்தால் பலன் இன்னும் அதிகம், ஏனென்றால் மெல்லிய ஷீட் வெயில் பட்டதும் சூட்டை அப்படியே கீழே இறக்கிவிடும். ஷீட்டின் மேல் கீற்று பரப்பினால் நன்றாகக் குளிரும். மின்கம்பியும் அடுப்புப் புகையும் பக்கத்தில் இருந்தால் மட்டும் வேண்டாம்.

அடுத்தது ஜன்னல். எல்லோரும் உள்பக்கம் கனமான திரை போடுகிறார்கள், ஆனால் கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டதுதானே? மறைப்பு வெளியே இருக்க வேண்டும். மூங்கில் தட்டியோ நர்சரிகளில் கட்டும் பச்சை வலையோ மேற்குப் பக்க ஜன்னலுக்கு வெளியே ஒரு சாண் தள்ளிக் கட்டுங்கள். மேற்குச் சுவரோரம் கட்டில் கிடந்தால் இந்த இரண்டு மாதத்துக்கு இடம் மாற்றிவிடுங்கள். காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் ஜன்னல்களைச் சாத்திவிட்டு, வெளியே ஆறிய பிறகு எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். அப்போது ஒரு டேபிள் ஃபேனை ஜன்னலில் வெளிப்பக்கம் பார்த்து வைத்தால் உள்ளே தேங்கிய சூட்டை அது தள்ளிவிடும், மறுபக்க ஜன்னல் வழியாக நல்ல காற்று வரும்.

ஃபேன் காற்றை நகர்த்துமே தவிரக் குளிர வைக்காது. அறையே 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் அந்தக் காற்று உடம்பை இன்னும் சூடாக்கும், அந்த நேரத்தில் ஈரத்துணியால் கை, கழுத்து, முதுகைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏர் கூலர் வாங்குகிறவர்கள் ஊரைப் பார்த்து வாங்குங்கள். வேலூர், கரூர், மதுரை மாதிரி வறண்ட ஊர்களில் நன்றாக வேலை செய்யும், ஆனால் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். கடலோரம் இருக்கும் சென்னையில் ஏற்கெனவே புழுக்கம், அங்கே கூலர் போட்டால் மெத்தை வரைக்கும் பிசுபிசுக்கும். ஏசி இருந்தால் 26-இல் வைத்துக் கூடவே ஃபேனையும் மெதுவாக ஓட விடுங்கள். ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் மின்சாரம் சுமார் 6 சதவீதம் மிச்சம்.

அப்புறம் தண்ணீர்த் தொட்டி. கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி மாடியில் இருந்தால் மாலைக் குளியல் வெந்நீர்க் குளியல்தான். விடியற்காலையிலேயே இரண்டு வாளி பிடித்துக் குளியலறையில் மூடி வையுங்கள்.

மோர், நீராகாரம், பானகம் எல்லாம் நல்லதுதான். வயிற்றுப்போக்கு, வாந்தி என்று உடம்பில் நீர் வற்றினால் ஓஆர்எஸ் என்ற உப்பு, சர்க்கரைக் கரைசலைக் கொடுங்கள். கடை தூரம் என்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, எல்லாம் தலை தட்டி அளந்து. உப்பைக் கண்மதிப்பில் போடாதீர்கள். சிறுநீரகம், இதயத் தொந்தரவு உள்ளவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. இன்சுலின் போடுகிறவர்கள் வீட்டில் கரண்ட் நீண்ட நேரம் போனால், ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் சின்னப் பாத்திரத்தில் மருந்தை வைக்கலாம்.

இதில் எதையும் விட முக்கியமானது ஒன்று. வெயிலில் யாராவது உளற ஆரம்பித்தால், தள்ளாடினால், உடம்பு நெருப்பாகச் சுட்டால் அது ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம். வியர்வை இருக்கிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும் வரை நிழலில் படுக்க வைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தடுமாறினால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதில் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்று வைத்ததே இப்படிப் போகும் உயிர்களுக்காகத்தான்.

சரி, குளிர். சமவெளியில் மார்கழி ஒரு போர்வையோடு முடிந்துவிடும். 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊட்டியில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் புல்லின் மேல் உறைபனி படியும். அங்குள்ள வீடுகளில் சுவரும் தரையும் வெறும் ஐஸ். அங்கே அறை முழுக்கச் சூடாக்கப் பார்ப்பதை விட ஆளைச் சூடாக வைப்பது சுலபம். உள்ளே பருத்தி, மேலே கம்பளி, தலைக்குக் குல்லா, காலுக்குச் சாக்ஸ். படுக்கைக்குக் கீழேயும் ஒரு கம்பளி விரியுங்கள், பாதிக் குளிர் கீழிருந்துதான் ஏறும். பகலில் வெயில் வரும் ஜன்னலைத் திறந்து, மூன்று நான்கு மணிக்கே சாத்தி, கதவடி இடுக்கில் பழைய துணியைச் சுருட்டி வையுங்கள். 2,000 வாட் ஹீட்டரை 16 ஆம்பியர் பிளக்கில் நேராகச் செருகுங்கள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் வேண்டாம். மணிக்கு இரண்டு யூனிட் இழுக்கும்.

கரி அடுப்பை மட்டும் படுக்கும் அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். புகையே இல்லாத கங்கு என்றாலும் கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, தூங்குகிறவர் எழுந்திருக்காமலே போய்விடுவார். குளியலறையில் கேஸ் கீசர் வைத்திருப்பவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு, வென்டிலேட்டரைக் குளிருக்காக அட்டை வைத்து அடைக்காதீர்கள். வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால் காரணம் தேடாமல் முதலில் எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள், பிறகு 108-க்குப் போன் செய்யுங்கள்.