புகை கலைந்தது, வாயு கலையவில்லை

போன மாதம் ஒரு ரிசப்ஷனுக்கு லைட் வேலைக்காகப் போயிருந்தேன். ட்ரை ஐஸ் மெஷின் வேறொரு டீமுடையது. எல்லாரும் இருபது வயதுப் பையன்கள். பொண்ணும் மாப்பிள்ளையும் மேகத்தில் நடந்து வந்தார்கள், கூட்டம் கைதட்டியது. நான் மெஷினைத் தேடினேன். மேடைக்குக் கீழே, நாற்காலி அடுக்கும் அறையில் இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் நானும் இப்படி ஓர் அறையில்தான் வைத்தேன்.

கையுறை போடு, சுடுதண்ணீரைச் சிந்தாதே என்பதெல்லாம் மெஷின் விற்பவரே சொல்லிவிடுவார். அவற்றை விட்டுவிட்டு, அவர் சொல்லாத தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பள்ளத்தில் மெஷின் வைப்பது

வெள்ளையாகத் தெரிவது வெறும் நீர்த்துளி. ட்ரை ஐஸ் என்பது உறைந்த கார்பன் டை ஆக்சைடு. மைனஸ் 78 டிகிரியில் உருகாமல் நேராக வாயுவாகிவிடும். சுடுதண்ணீரில் இறக்கினால் அந்தக் குளிர்ந்த வாயு பக்கத்திலிருக்கும் ஈரத்தைத் துளியாக்குகிறது. நாம் புகை என்பது அதைத்தான். இரண்டு நிமிடத்தில் துளி காய்ந்து கண்ணுக்கு மறைந்துவிடும். வாயு மறையாது. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதால் தண்ணீர் போலப் பள்ளத்தைத் தேடிப் போய்த் தேங்கும். நிறமில்லை, வாசனையில்லை.

ஒன்பது வருடத்துக்கு முந்தைய அந்த நாளில் என் கூட வந்த பையன் அறையின் தரையில் உட்கார்ந்து ட்ரை ஐஸ் கூடையைச் சுடுதண்ணீரில் இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தான். கதவைத் திறந்துதான் வைத்திருந்தோம். ஆனால் அறைக்கு நாலு படி இறங்க வேண்டும். கனமான வாயு படியேறி வெளியே போகுமா? "அண்ணே, தலை வலிக்குது, மூச்சு வாங்குது" என்றான். "சாப்பிட்டியாடா?" என்று கேட்டேன். இன்று நினைத்தாலும் என் மேல் எனக்கே எரிச்சல் வரும் கேள்வி அது. இரண்டாவது முறை எழுந்தவன் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டான். தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம். அரை மணி நேரத்தில் தெளிந்தான். அவன் அம்மாவிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை.

அப்புறம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ ட்ரை ஐஸ் 500 லிட்டருக்கு மேல் வாயுவாகும். 10 அடி நீளம், அகலம், உயரமுள்ள அறையில் இருப்பதே சுமார் 28,000 லிட்டர் காற்று. அதற்குள் 5 கிலோ முழுவதும் தேங்கினால் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. 4 சதவீதமே உயிருக்கு ஆபத்து. 2020 பிப்ரவரியில் மாஸ்கோவில் ஒரு பிறந்தநாள் விருந்தில் நீச்சல் குளத்துக்குள் ட்ரை ஐஸைக் கொட்டியதில் மூன்று பேர் இறந்தார்கள்.

மெஷினை மேடைப் பக்கவாட்டில், ஆள் நின்றுகொண்டு வேலை செய்யும் இடத்தில் வையுங்கள். ஹோஸ் நீளமாகிறதா, புகை கொஞ்சம் குறையும், குறையட்டும். கார்பன் டை ஆக்சைடை அளக்கும் மீட்டர் வாங்கினால் 5,000 பிபிஎம்முடன் (அதாவது அரை சதவீதத்துடன்) நின்றுவிடாததாகப் பார்த்து வாங்குங்கள், முழங்கால் உயரத்தில் வையுங்கள். பள்ளத்தில் யாராவது மயங்கிக் கிடந்தால் அவசரத்தில் குதிக்காதீர்கள், இறங்கியவரும் விழுவார். நான் அன்று இறங்கியது தைரியமில்லை, விவரம் தெரியாமை.

"அதான் ஏ.சி. ஓடுதே"

ஸ்ப்ளிட் ஏ.சி. உள்ளே இருக்கும் காற்றையேதான் குளிர்வித்துத் திருப்பி விடுகிறது. வெளிக்காற்றுக்குக் கதவும் எக்ஸாஸ்ட்டும் வேண்டும்.

குழந்தையைப் புகைக்குள் உட்கார வைப்பது

போட்டோகிராஃபர் கேட்டாலும் கூடாது.

ட்ரை ஐஸ் பெட்டியைக் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி மூடுவது

வெடிக்கும்.

ஜன்னலை ஏற்றிவிட்டு வண்டியில் கொண்டு வருவது

தெர்மாகோல் பெட்டியிலிருந்து வழி நெடுக வாயு கசியும், டிரைவருக்குத் தூக்கம் வரும். லோடு வண்டியில் பின்னால் ஏற்றுங்கள். மிச்சத்தையும் மண்டபத்துக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

"இது ட்ரை ஐஸ் இல்லண்ணே, லிக்விட்"

சரி, லிக்விட் என்பது சூடாக்கினால் புகையாகும் திரவம். அந்தப் புகையை ஐஸ் கட்டியோ கம்ப்ரஸரோ வைத்துக் குளிர்விக்கும் மெஷின் என்றால் மேலே சொன்ன பயம் இல்லை. திரவ கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் மாட்டுவது என்றால் அதே பயம்தான். இந்த இரண்டு வகை லிக்விட் மெஷினிலும் தரையில் வழுக்கும் படலம் படியும், அதுவும் மெஷின் வாய்க்கு முன்னால் இரண்டு மூன்று அடிக்கு நன்றாகவே. டான்ஸ் குழு ஏறுவதற்கு முன் துடைக்கத் தனியாக ஒரு ஆள் வையுங்கள். மெஷின்காரர் துடைப்பார் என்று நம்ப வேண்டாம், அவர் அந்த நேரம் அடுத்த என்ட்ரிக்கு மெஷினைத் தயார் செய்துகொண்டிருப்பார்.