பழைய ஆங்கில நூல்களை வாசிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கிலத்தில் எழுதுவது ஒன்று, ஒலிப்பது வேறொன்று என்ற குறை பள்ளிப் பருவத்திலேயே நம் மனத்தில் பதிந்துவிடுகிறது. அம்மொழிக்கு ஒழுங்கே கிடையாது என்று முடிவுகட்டிவிடுவதுதான் முதல் தவறு. இங்கிலாந்தின் முதல் அச்சாளரான வில்லியம் காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் அமைத்த காலத்தில் ஆங்கில நெட்டுயிர்களின் ஒலிப்பு மாறிக்கொண்டிருந்தது. இன்று 'நேம்' எனப்படும் சொல், 1400இல் மறைந்த கவிஞர் சாசரின் காலத்தில் ஏறத்தாழ 'நாமெ' என்றே ஒலித்தது. ஒலி நகர்ந்துகொண்டே போக, எழுத்துக்கூட்டலை அச்சு பிடித்து நிறுத்திவிட்டது. ஆகவே சாசரின் செய்யுளை இன்றைய உச்சரிப்பில் படித்தால், ஒலிக்க வேண்டிய ஈற்றுயிர்கள் உதிர்ந்து சந்தம் கெட்டுவிடும்.

ஒலிக்காத எழுத்துகளையெல்லாம் ஒரே வகையாகக் கருதுவது அடுத்த தவறு. குதிரை வீரனைக் குறிக்கும் 'நைட்' என்ற சொல்லின் முதலில் நிற்கும் 'கே' ஒருகாலத்தில் உண்மையாகவே ஒலித்தது. கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லில் உள்ள 'பி' அப்படியன்று; பிரெஞ்சு வழியாக 'பி' இல்லாமல் வந்த அச்சொல்லில், அதன் லத்தீன் மூலத்தைக் காட்டும் ஆசையால் அறிஞர்கள் பின்னாளில் அதைச் செருகினார்கள். 'ஐலண்ட்' என்பதில் உள்ள 'எஸ்' இன்னும் பரிதாபம்: லத்தீனோடு உறவே இல்லாத அந்தச் சொல்லுக்குத் தவறான உறவு கற்பித்து ஒட்டப்பட்டது அது.

'கலர்', 'ஹானர்' போன்ற சொற்களை 'யு' இல்லாமல் எழுதுவது அமெரிக்கர் கண்டுபிடித்தது என்பதும் பிழையே. ஷேக்ஸ்பியர் நாடகங்களின் 1623ஆம் ஆண்டுத் தொகுப்பிலேயே 'ஹானர்' இரு விதமாகவும் அச்சாகியிருக்கிறது. 1828இல் வெளிவந்த அமெரிக்க அகராதியாளர் நோவா வெப்ஸ்டரின் அகராதி, இரண்டில் 'யு' இல்லாத வடிவத்துக்கு அமெரிக்காவில் வலுச்சேர்த்தது, அவ்வளவே.

எழுத்து வடிவம்தான் பலரையும் ஏமாற்றுகிறது. பழமை தோன்ற எழுதப்படும் பெயர்ப்பலகைகளில் 'யீ ஓல்டு' என்று பலரும் வாசிக்கும் தொடரின் முதற்சொல், 'தி' என்பதே. 'தி' என்பதன் முதல் ஒலியைக் குறித்த 'தோர்ன்' என்ற பழைய எழுத்து கையெழுத்தில் மெல்ல 'ஒய்' போலவே மாறியது. ஐரோப்பாவிலிருந்து வந்த அச்செழுத்துகளில் தோர்ன் இல்லாததால், அச்சுக்கோப்போர் 'ஒய்' எழுத்தையே வைத்தனர். 'நீங்கள்' என்று பொருள்படும் 'யீ' வேறு சொல், இரண்டையும் குழப்பக்கூடாது.

1800ஐ ஒட்டி அச்சிலிருந்து மறைந்த நெடிய 'எஸ்' எழுத்தை 'எஃப்' என்று படிப்பதும் இத்தகையதே. 'எஃப்' எழுத்தின் குறுக்குக்கோடு தண்டின் இருபுறமும் நீளும். நெடிய 'எஸ்' எழுத்துக்கு இடப்புறம் மட்டும் சிறு மொட்டுப்போல் ஒன்று இருக்கும், சில எழுத்துருக்களில் அதுவும் இராது. சொல்லின் ஈற்றில் எப்போதும் குட்டை 'எஸ்' தான் வரும். அமெரிக்க உரிமைகள் சாசனத்தின் 1789ஆம் ஆண்டுத் தோல்சுவடியில் முதல் சொல்லான 'காங்கிரஸ்' என்பதைப் பாருங்கள்: கடைசி இரண்டு 'எஸ்' எழுத்துகளில் முன்னது நெடியது, பின்னது குட்டை.