ஜெர்மனிக்குத் தயாராகும் நர்ஸ்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். ஜெர்மன் மொழியில் பி1 முடித்து (ஏ1, ஏ2, பி1, பி2 என்று படிப்படியாக ஏறும் மொழி நிலைகள் அவை), பி2 படித்துக்கொண்டே, அங்கிருந்து வர வேண்டிய காகிதங்களுக்காகக் காத்திருக்கிறேன். ட்யூட்டி இல்லாத மாலைகளில், நான் படித்த அதே வகுப்பில் புதுப் பிள்ளைகளுக்குக் கைகொடுக்கிறேன். ஆத்தூர், ஓமலூர், ஏற்காடு என்று பல திசையிலிருந்தும் வருகிறார்கள். நைட் ட்யூட்டி பார்த்துவிட்டு, சரியாகத் தூங்காத கண்ணோடு வந்து உட்காருகிறவர்களும் உண்டு. எங்கள் பேட்ச் தடுக்கி விழுந்த அதே இடங்களில் இவர்களும் விழுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தினமும் படிக்க வேண்டும், வகுப்பைத் தவறவிடக் கூடாது, ஊர் பேர் தெரியாதவரிடம் பணம் கட்டக் கூடாது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வேலையை விட்டுவிட்டு மொழி படிப்பது

முடிந்தவரை விடாதீர்கள். ஷிஃப்ட் மாற்றிக் கேளுங்கள், கொஞ்சம் சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை. மொழி முடிந்து, காகிதம் வந்து, விசா கைக்கு வருவதற்குள் நீண்ட காலம் ஓடிவிடும். அத்தனை நாள் வார்டைத் தொடாத கையோடு அங்கே போய் நிற்க வேண்டியிருக்கும்.

பேச்சுத் தேர்வை மனப்பாடம் செய்வது

ஜெர்மன் மொழித் தேர்வு நடத்தும் கோத்தே நிறுவனத்தின் பி1 பேச்சுத் தேர்வுக்கு இரண்டிரண்டு பேராக உட்கார வைப்பார்கள். முதலில் இருவரும் பேசி ஒரு திட்டம் போட வேண்டும். அடுத்து ஆளுக்கொரு தலைப்பில் பேச வேண்டும். கடைசியில், பேசியதைப் பற்றிக் கேள்வியும் பதிலும். மனப்பாடம் உதவுவது நடுப்பகுதிக்கு மட்டும்தான்.

மற்ற இரண்டிலும் எதிரில் இருப்பவர் சொல்வதைக் காதில் வாங்கியாக வேண்டும். வகுப்பில் ஒரு பயிற்சி வைத்தோம்: உடம்பு சரியில்லாத தோழியைப் பார்க்கப் போவதற்குத் திட்டமிட வேண்டும். "சனிக்கிழமை எனக்கு வேலை இருக்கிறது" என்றாள் ஒருத்தி. மற்றவள் சிரித்த முகத்தோடு, "நல்லது, சனிக்கிழமை பத்து மணிக்குப் போகலாம்" என்றாள். இலக்கணத்தில் ஒரு பிழை இல்லை. ஆனால் அது பேச்சே இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்தே நோட்ஸை ஒப்பித்து மார்க் வாங்கிப் பழகியவர்களுக்கு இது கஷ்டம்தான். தினமும் பத்து நிமிடமாவது, அடுத்தவர் என்ன கேட்பார் என்று தெரியாமல் பேசிப் பழகுங்கள்.

ஒன்றில் தவறியதும் நாலுக்கும் பணம் கட்டுவது

தேவையில்லை. கோத்தே பி1 தேர்வில் வாசிப்பு, கேட்பு, எழுத்து, பேச்சு நான்கும் தனித்தனி. ஒவ்வொன்றிலும் 100-க்கு 60 வேண்டும். தவறியதை மட்டும் மறுபடி எழுதலாம்.

இனிஷியலை அலட்சியப்படுத்துவது

எனக்கு இன்றைக்கும் ஆற்றாமையாக இருப்பது இது ஒன்றுதான். எல்லா பேட்ச்சிலும் சொல்கிறோம். எல்லா பேட்ச்சிலும் ஒருவராவது, "இனிஷியல்தானே அக்கா, அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார். அந்த அப்புறம் வருவதற்குள் காலம் கடந்துவிடுகிறது.

அப்பா பெயரின் முதல் எழுத்தைப் பெயரோடு போட்டுக்கொள்வது நமக்குச் சாதாரணம். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்று 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்ட மண் இது. அந்த ஒற்றை எழுத்தில் எனக்குப் பெருமைதான். ஆனால் ஜெர்மன் படிவத்தில் அதற்கு இடம் கிடையாது. குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டே கட்டம். நம் பாஸ்போர்ட் விண்ணப்பத்திலும் இனிஷியலாகப் போட முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும்.

தமிழ்ச்செல்வி என்று ஒரு பெண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் எஸ். தமிழ்ச்செல்வி. நர்ஸிங் டிகிரியில் தமிழ்ச்செல்வி எஸ். நர்ஸிங் கவுன்சில் பதிவில் தமிழ்ச்செல்வி சுப்பிரமணி. கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஆதாரில் கணவர் பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி, விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்த கம்ப்யூட்டர் சென்டர்காரர் அதை அப்படியே விட்டுவிட்டார். போதாக்குறைக்கு ஆங்கில எழுத்துகள். 'ழ'வுக்கு ஒரு சான்றிதழில் இஸட் ஹெச், இன்னொன்றில் வெறும் எல். அப்பா பெயர் ஓரிடத்தில் சுப்பிரமணி, ஓரிடத்தில் சுப்பிரமணியம். நமக்கு இதெல்லாம் ஒரே தமிழ்ச்செல்வி. ஜெர்மனியில் ஃபைலைப் பிரிக்கிறவருக்கு இவர்கள் ஐந்து பேர்.

அந்த ஃபைலைப் பார்ப்பது நாடு முழுவதற்கும் ஒரே அலுவலகம் என்று நினைக்காதீர்கள். ஜெர்மனியில் 16 மாநிலங்கள். நர்ஸிங் படிப்பை அங்கீகரிப்பது மாநிலத்தின் வேலை. நீங்கள் சேரப்போகும் மருத்துவமனை எந்த மாநிலத்தில் இருக்கிறதோ, அந்த மாநிலத்து அலுவலகம்தான் பார்க்கும். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு நம் இனிஷியல் வழக்கம் தெரிந்திருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்க முடியாது. மொழிபெயர்ப்பாளர் சரி செய்துவிடுவார் என்றும் சிலர் நம்புகிறார்கள். அவர் அசலில் உள்ளதை அப்படியே எழுத வேண்டியவர். பிழையும் சேர்ந்து, முத்திரையோடு ஜெர்மனுக்குப் போகும்.

எங்களோடு ஓமலூர் பக்கத்திலிருந்து ஒருத்தி படித்தாள். பி1-இல் நாலையும் முதல் தடவையிலேயே தாண்டினாள். மருத்துவமனையிலிருந்து ஒப்பந்தமும் வந்துவிட்டது. அங்கீகார அலுவலகம் ஒரே ஒரு கேள்வி கேட்டது: டிப்ளமோவில் இருப்பவரும் பாஸ்போர்ட்டில் இருப்பவரும் ஒருவர்தானா? அவ்வளவுதான். கல்லூரிக்குப் போனாள், பள்ளிச் சான்றிதழில் எப்படி இருந்ததோ அப்படித்தான் போட்டோம், அதை முதலில் சரி செய்து வா என்றார்கள். பள்ளிக்குப் போனாள், பழைய பதிவேட்டைத் தேடி எடுக்க வேண்டும், அடுத்த வாரம் வா என்றார்கள். அடுத்த வாரம் தலைமையாசிரியர் லீவு. ஐசியூவில் வென்டிலேட்டர் பேஷண்ட்டைத் தனியாகப் பார்த்துக்கொள்கிற பெண், அப்பா பெயரின் கடைசி இரண்டு எழுத்துக்காக அலுவலகம் அலுவலகமாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். லீவு போட்டதில் சம்பளம் போனது. எல்லாம் கைக்கு வந்தபோது அங்கே சேர வேண்டிய தேதி தாண்டிவிட்டது. அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

எனக்கு அவள் மேல் கோபமில்லை. வகுப்பில் சேர்ந்த முதல் வாரமே யாராவது அவளுடைய காகிதங்களை மேஜையில் பரப்பிப் பார்த்திருக்கலாம். வகுப்புக் கட்டணத்தை வாங்கியவர்கள் பார்க்கவில்லை, ஒப்பந்தம் வாங்கிக் கொடுத்தவர்களும் பார்க்கவில்லை. அதை நினைத்தால்தான் எரிச்சல்.

சரி, என்ன செய்ய வேண்டும்? ஏ1 தொடங்கும்போதே ஒரு தாளை எடுங்கள். பிறப்புச் சான்றிதழ், பத்து, பன்னிரண்டு, டிசி, நர்ஸிங் மார்க் ஷீட்கள், டிகிரி அல்லது டிப்ளமோ, கவுன்சில் பதிவு, அனுபவச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் என்று வரிசையாக, ஒவ்வொன்றிலும் உங்கள் பெயரும் அப்பா பெயரும் பிறந்த தேதியும் ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். பிறகு அதை வேறொருவரிடம் கொடுத்து ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கச் சொல்லுங்கள். சொந்தப் பெயரில் இருக்கும் பிழை நம் கண்ணுக்குத் தெரியாது.

பிறப்புச் சான்றிதழையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிச் சான்றிதழிலேயே தவறு என்றால், படித்த பள்ளி வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது சரியாக இருந்து பாஸ்போர்ட்தான் மாறியிருக்கிறது என்றால், பாஸ்போர்ட்டை மறுபடி எடுப்பது சுலபம். இனிஷியலை விரிக்கும்போது டிசியில் அப்பா பெயர் எப்படி இருக்கிறதோ, எழுத்து மாறாமல் அப்படியே விரியுங்கள். அரசிதழில் பெயர் மாற்றம் போட்டால் போதும் என்பார்கள். அரசிதழ் பழைய சான்றிதழ்களை மாற்றாது, அவற்றோடு சேர்த்துக் காட்டத்தான் உதவும். நோட்டரியிடம் வாங்கும் 'இருவரும் ஒருவரே' என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நீங்கள் போகப்போகும் ஜெர்மன் மாநிலத்து அலுவலகம் ஏற்குமா என்று முதலிலேயே கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

கல்யாணம் நிச்சயமாகியிருக்கும் பிள்ளைகள் இதைக் கவனியுங்கள். ஃபைல் ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்க்காதீர்கள். மாமியார் வீட்டில் கேட்டால், அங்கீகாரம் முடியட்டும் என்று சொல்லுங்கள். ஏற்கெனவே மாற்றியிருந்தால், பதிவு செய்த திருமணச் சான்றிதழை மொழிபெயர்த்து முதலில் அனுப்பும் காகிதங்களோடேயே வைத்துவிடுங்கள். ஆண் நர்ஸ்களுக்கு இந்தத் தொல்லை பாதிகூட இல்லை. கல்யாணத்தோடு பெயர் மாறும் சுமை பெண்கள் தலையில்தான் விழுகிறது.

மணிக்கணக்கு இல்லாத டிரான்ஸ்கிரிப்ட்

ஜெர்மனியில் நர்ஸிங் பயிற்சி மூன்று ஆண்டு. அதில் 2,100 மணி நேரம் பாடம், 2,500 மணி நேரம் வார்டு வேலை. உங்கள் படிப்பை இதோடு ஒப்பிட்டுத்தான் பார்ப்பார்கள். மார்க் ஷீட்டில் மார்க் இருக்கும், மணி இருக்காது. எந்தப் பாடத்துக்கு எத்தனை மணி, எந்த வார்டில் எத்தனை மணி என்று பிரித்துக் காட்டும் டிரான்ஸ்கிரிப்டைக் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ கேட்டு வாங்க வேண்டும். குறைகிற இடங்களைப் பட்டியல் போட்டு அங்கீகார அலுவலகத்திலிருந்து ஒரு முடிவுக் கடிதம் வரும். அதன் பிறகு அங்கே போய் அந்தக் குறையை ஈடுகட்டும் அனுசரிப்புப் பயிற்சி முடிக்க வேண்டும், இல்லையென்றால் அறிவுத் தேர்வில் தேற வேண்டும். மணிகள் முழுதாகப் பதிவாகியிருந்தால் அந்தப் பட்டியல் சின்னதாக வரும். வார்டு வேலையைக் குறித்துவைத்த கிளினிக்கல் லாக் புக்கைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

அசல் சான்றிதழை அடுத்தவர் கையில் விடுவது

யாராக இருந்தாலும் கொடுக்காதீர்கள்.

போலீஸ் சான்றிதழை முதலில் எடுத்து வைப்பது

அவசரம் வேண்டாம். போலீஸ் கிளியரன்ஸும் மருத்துவச் சான்றும் பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்பார்கள். ஏ2 படிக்கும்போதே எடுத்தால் மறுபடி அலைய வேண்டியதுதான்.

ஒப்பந்தத்தில் சம்பளத்தை மட்டும் பார்ப்பது

நடுவில் நின்றுவிட்டால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும், எத்தனை ஆண்டு அங்கேயே இருக்க வேண்டும், அங்கீகாரம் கிடைக்கும்வரை உதவியாளர் சம்பளமா, நர்ஸ் சம்பளமா என்று பாருங்கள். இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் கையெழுத்துப் போடக் கூடாது. இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜெண்டு வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாய், அதோடு ஜிஎஸ்டி என்று உச்சவரம்பு இருக்கிறது. அவர் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்த்துவிடலாம். தமிழக அரசின் ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன் 1978-லிருந்து இயங்குகிறது, அதையும் ஒருமுறை பாருங்கள். நகையை அடகு வைக்கும் முன்னால் இதற்கு ஒரு மாலை நேரம் ஒதுக்கலாம்.

பி1 கிடைத்ததும் நோட்டை மூடி வைப்பது

முழு அங்கீகாரத்துக்குப் பெரும்பாலான இடங்களில் பி2 கேட்கிறார்கள். காத்திருக்கும் மாதங்களில் மொழி தேய்ந்துவிடும், அதிலும் காது முதலில் மந்தமாகும். ஏற்காட்டிலிருந்து வரும் ஒரு பெண், பஸ் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி முடிப்பதற்குள் ஒரு கேட்பு ஆடியோவை முடித்துவிடுகிறாள். அவள் காது எங்கள் எல்லோரையும்விடக் கூர்மை.

வார்டு வேலையையும் இங்கேயே மாற்றிப் பழகுங்கள். நம் ஊரில் படுக்கையோடு இருப்பவரைத் துடைத்துவிடுவது, ஊட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் அட்டெண்டரோ கூட இருக்கும் சொந்தக்காரரோ பார்த்துக்கொள்கிறார்கள். அங்கே அது நர்ஸின் வேலை. அங்கே போன நம் பிள்ளைகளில் பலர் மனம் உடைவது இந்த இடத்தில்தான். ஒரு பேஷண்ட்டையாவது நீங்களே முழுதாகத் துடைத்துவிட்டுப் பாருங்கள். தொடுவதற்கு முன்னால், இப்போது இடது பக்கம் திருப்பப் போகிறேன், தண்ணீர் கொஞ்சம் சூடாக இருக்கும் என்று ஒவ்வொன்றையும் மனதுக்குள் ஜெர்மனில் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்.

எண்களை மட்டும் தனியாகப் பழக வேண்டும். ஜெர்மனில் ஒன்றின் இடத்தைச் சொல்லிவிட்டுத்தான் பத்தின் இடத்தைச் சொல்வார்கள். பிபி 135 என்று சொன்னதை 153 என்று சார்ட்டில் எழுதிவிடுவது வகுப்பில் அடிக்கடி நடக்கிறது. இரண்டு பேராகச் சேர்ந்து போனில் ஹேண்டோவர் (ஷிஃப்ட் மாறும்போது பேஷண்ட்டின் நிலையைச் சொல்லி ஒப்படைப்பது) கொடுத்துப் பழகுங்கள். ஒருவர் பிபி, சுகர், பல்ஸ், டெம்பரேச்சர் சொல்லட்டும். மற்றவர் இலக்கத்தில் எழுதி, எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டட்டும். பேச ஆள் கிடைக்கவில்லையென்றால் மாலையில் சேலம் ஐந்து ரோடு பக்கம் வாருங்கள், எங்கள் வகுப்பில் யாராவது ஒருவர் இருப்போம்.